வேப் இழுத்தால் உடம்பில் கலோரி சேருமா?

சேரும். ஆனால் மிகக் கொஞ்சம். வேப் என்கிற மின்சிகரெட்டின் திரவத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு ஏறக்குறைய 5 கலோரி இருக்கிறது. நாளொன்றுக்கு 2 மில்லிலீட்டர் தீர்க்கிற ஒருவருக்கு அது 10 கலோரி. அரைத் தேக்கரண்டி சீனியில் இருப்பதும் அவ்வளவுதான். உடம்பு பெருப்பதற்கு அது போதாது.

பதில் இவ்வளவுதான் என்றால் கட்டுரை தேவையில்லை. கொழும்பில் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளும் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற பெரியவர்களும் இதைக் கேட்கும்போது அவர்களுக்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் பிழை. “விழுங்குறதில்லைத்தானே, அப்ப கலோரி பூச்சியம்” என்பார் ஒருவர். “அது எண்ணெயில செய்யிறது, நெஞ்சில கொழுப்புப் படியும்” என்பார் இன்னொருவர். “இவ்வளவு இனிக்குது, சீனி இல்லாமலா?” என்று மூன்றாமவர் கேட்பார். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்குப் பிறகு, கலோரிக் கணக்கில் தெரியாமலே உடல் எடையையும் இரத்தச் சீனியையும் உண்மையில் ஆட்டிவைக்கிற நிக்கோட்டினுக்கு வருவோம். கவனிக்க வேண்டியது அதுதான்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

எந்தச் சுவையில் வாங்கினாலும் திரவத்தின் பெரும்பகுதி இரண்டே பொருட்கள்: புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின். லேபலில் பி.ஜி., வி.ஜி. என்ற சுருக்கெழுத்துகளில் இருப்பவை இவைதான். 50/50 என்றால் இரண்டும் சமம். 70/30 என்றால் பெரும்பாலும் கிளிசரின் கூடியது. தொண்டையில் உறைப்பதும் சுவையை எடுத்துவருவதும் பி.ஜி.; வெள்ளைப் புகையாகத் திரள்வது கிளிசரின். மிச்சமுள்ள சிறு பங்கில் நிக்கோட்டின், சுவையூட்டிகள், சில வேளை இனிப்பூட்டி ஆகியன இருக்கும்.

புகை என்று சொன்னாலும் அங்கே எதுவும் எரிவதில்லை. பட்டரி கொயில் என்ற கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது, கொயிலைச் சுற்றியுள்ள பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது, காற்றுப் பட்டதும் அந்த ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகிறது. இழுப்பவர் உள்ளே எடுப்பது அந்தத் துளிகளைத்தான். பி.ஜி.யும் கிளிசரினும் பெரும்பாலும் உருமாறாமல் அப்படியே நுரையீரலுக்குப் போகின்றன. கலோரி பற்றிய கேள்விக்கே இடம் வருவது இதனால்தான். எரிந்து சாம்பலாகியிருந்தால் கணக்குப் போட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

“நிக்கோட்டின் 5%” என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலீட்டரில் 50 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிலீட்டர் பொட் (திரவம் நிரப்பிய சிறு குப்பி) ஒன்றில் 100 மில்லிகிராம். நிக்கோட்டினில் இருந்து வரும் கலோரியைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை, அளவு அவ்வளவு சிறியது. அது உடம்புக்குச் செய்யும் வேலை மட்டும் சிறியதல்ல.

இலங்கையில் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தன. ஆகவே கைமாறிக் கிடைக்கிற ஒரு பொருளின் லேபலில் “நிக்கோட்டின் இல்லை” என்றோ “சீனி இல்லை” என்றோ எழுதியிருப்பதை ஆய்வுகூடச் சான்றிதழ் போல நம்பிவிடாதீர்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் லேபல் சரி என்ற நிபந்தனையோடுதான்.

விழுங்காத பொருளுக்குக் கலோரி எப்படி?

கலோரி வயிற்றோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. ஒரு பொருள் எந்த வழியால் வந்தாலும், இரத்தத்தில் சேர்ந்து கலங்கள் அதை உடைத்துச் சக்தி எடுத்தால் அதற்குக் கலோரி உண்டு. வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் வாயைத் தொடுவதே இல்லை. அதில் உள்ள குளுக்கோசுக்குக் கலோரி இருக்கிறது. நுரையீரலும் இரத்தத்துக்குப் போகும் ஒரு வழிதான். காற்றறைகளின் சுவர் மிக மெல்லியது. நீரில் கரைகிற கிளிசரினும் பி.ஜி.யும் அங்கிருந்து இலகுவாக இரத்தத்துக்குள் போய்விடும். வாயிலும் தொண்டையிலும் படிகிற துளிகள் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும்.

“வெளியே ஊதுகிற புகையில் எல்லாம் போய்விடும்” என்பதும் சரியில்லை. பார்க்கப் பெரிய மேகம் போலத் தெரிந்தாலும் அதில் பொருள் கொஞ்சம்தான். அளந்து பார்த்த ஆய்வுகளில் உள்ளே இழுத்த பி.ஜி., கிளிசரின் இரண்டிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உடம்பிலேயே தங்கியது தெரியவந்திருக்கிறது. நிக்கோட்டின் அதைவிடக் கூடுதலாகத் தங்குகிறது.

உள்ளே போன பிறகு? கிளிசரின் உடம்புக்குப் புதிய பொருளே அல்ல. நாம் சாப்பிடும் எண்ணெயும் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரோல் (கிளிசரினின் இன்னொரு பெயர்) முதுகெலும்பில் கோர்க்கப்பட்ட மூலக்கூறுகள். கொழுப்பு உடையும்போதெல்லாம் கிளிசரோல் வெளியே வருகிறது. கல்லீரல் அதை எடுத்து, தேவைக்கேற்ப எரிக்கிறது அல்லது குளுக்கோசாக மாற்றுகிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை கிளிசரோல் இருக்கும். 70/30 திரவம் 2 மில்லிலீட்டரில் இருப்பதும் அதே அளவுதான். எண்ணெயில் மிச்சம் 12 கிராம் கொழுப்பமிலமும் கூடவே வருகிறது, அதுதான் வித்தியாசம். அந்த ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி.

பி.ஜி.யைக் கல்லீரல் உடைத்து லக்டிக் அமிலமாக்குகிறது, அது வழக்கமான சக்திப் பாதையில் சேர்ந்துவிடுகிறது. ஒரு பங்கு உடையாமலே சிறுநீரில் போய்விடும். ஆகவே பி.ஜி.க்கு நாம் போடுகிற கணக்கு உண்மையை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

கணக்கை நீங்களே போடலாம்

இணையத்தில் தேடினால் ஒரு மில்லிலீட்டருக்கு 3 முதல் 5 வரை வெவ்வேறு எண்கள் வரும். ஏன் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் போய்விடும்.

முதலில், உணவில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியை. கிளிசரின் ஒரு கிராமுக்கு 4.3 கலோரி என்பது அமெரிக்க உணவுக் கணக்குகளில் பாவிக்கும் எண். ஐரோப்பிய உணவு லேபல் விதிகளோ எரித்திரிட்டோல் என்ற ஒன்றைத் தவிர, கிளிசரின் உட்பட எல்லா இனிப்பு அற்ககோல்களுக்கும் ஒரே சராசரியாக 2.4 என்று வைத்திருக்கின்றன. அது குடலில் முழுமையாக உறிஞ்சப்படாத வகைகளையும் சேர்த்து எடுத்த சராசரி. கிளிசரின் நன்றாகவே உறிஞ்சப்படுவதால் 4.3 தான் பொருத்தம். பி.ஜி.க்கு ஒரு கிராமுக்கு 4 என்று வைப்போம்.

அடுத்தது, பலர் சறுக்குகிற இடம். திரவத்தை நாம் அளப்பது மில்லிலீட்டரில், கலோரி எண் இருப்பது கிராமில். கிளிசரின் தண்ணீரை விடப் பாரமானது: ஒரு மில்லிலீட்டர் 1.26 கிராம். பி.ஜி. 1.04 கிராம். இதை மறந்து ஒரு மில்லிலீட்டரை ஒரு கிராம் என்று போட்டால் விடை குறைவாக வரும்.

50/50 திரவம் ஒரு மில்லிலீட்டரை எடுப்போம். அரை மில்லிலீட்டர் கிளிசரின் 0.63 கிராம், 4.3 ஆல் பெருக்கினால் 2.7. அரை மில்லிலீட்டர் பி.ஜி. 0.52 கிராம்; 4 ஆல் பெருக்கினால் 2.1. கூட்டினால் 4.8 கலோரி. 70/30 என்றால் கிளிசரின் 0.88 கிராமுக்கு 3.8, பி.ஜி. 0.31 கிராமுக்கு 1.25, மொத்தம் 5 கலோரி. கலவை எப்படி மாறினாலும் விடை ஐந்தைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் “மில்லிலீட்டருக்கு ஐந்து” என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். முழுவதும் உள்ளே தங்கியது என்று எடுத்துக்கொண்டதால் இது மேலெல்லை.

600 இழுப்பு என்று எழுதியிருக்கும் 2 மில்லிலீட்டர் டிஸ்போசபிள் (தீர்ந்ததும் எறிகிற வேப்) ஒன்று முழுவதும் தீரும்போது 10 கலோரி. நூறு இழுப்புக்கு இரண்டு கலோரி கூட இல்லை. பெரிய டேங்க் வைத்து நாளுக்கு 10 மில்லிலீட்டர் தீர்க்கிறவருக்கு 50 கலோரி. அதுதான் இந்தக் கணக்கில் வரக்கூடிய பெரிய எண்களில் ஒன்று. எவ்வளவு தீர்க்கிறோம் என்று தெரியாவிட்டால், ஒரு கிழமைக்கு எத்தனை பொட் மாற்றினீர்கள் என்று எண்ணி, ஒன்றின் கொள்ளளவால் பெருக்கி, ஏழால் வகுங்கள். இழுப்புகளை எண்ணுவதில் பிரயோசனம் இல்லை, ஒருவர் இரண்டு செக்கன் இழுப்பார், இன்னொருவர் ஐந்து.

“நாளுக்கு 10 என்றாலும் வருடத்துக்கு 3,650, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700, அப்ப அரைக் கிலோ ஏறுமே” என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கடதாசியில் பெருக்கினால் அப்படித்தான் வரும். உடம்பு அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒரு பிடி சோறு கூடினால் குறைந்தால், பஸ்ஸுக்கு ஓடினால் ஓடாவிட்டால், பத்துக் கலோரி எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிளேன்டீக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, கரண்டி 5 கிராம் என்று வைத்தால், ஒரு கோப்பையிலேயே 40 கலோரி. கந்தோரில் நாலு தரம் குடித்தால் 160. எடையைக் குறைக்க விரும்புகிறவர் கை வைக்க வேண்டிய இடம் அந்தச் சீனிப் போத்தல்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது

கிளிசரினே சற்று இனிக்கும். அதற்கு மேல் வேப் திரவங்களில் அடிக்கடி சேர்ப்பது சுக்ரலோஸ், எதைல் மோல்டோல் போன்றவை. சுக்ரலோஸ் சீனியை விட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பானது. மிகச் சிறு அளவே போதும், அதில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். மாம்பழம், தர்ப்பூசணி, பபிள்கம் என்று என்ன பெயர் இருந்தாலும் பழமோ சீனியோ அந்த அளவுக்கு உள்ளே இல்லை. சில திரவங்களை ஆய்வு செய்தபோது சிறிதளவு குளுக்கோசும் சுக்ரோசும் இருந்தது உண்மைதான். அதுவும் கலோரிக்குப் பொருட்டல்ல.

ஆனால் சூட்டுக்கு அது பொருட்டு. சீனியைச் சட்டியில் போட்டால் கருகிப் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொயிலிலும் அதுவே நடக்கிறது: கறுப்பாகப் படிந்து, பஞ்சுக்கு ஈரம் போகாமல் தடுத்து, எரிந்த சுவை வரும். சீனி சூடாகும்போது அல்டிகைட்டுகள் என்ற இரசாயனப் பொருட்கள் உண்டாகும், அவை சுவாசக் குழாயை உறுத்தும். சுக்ரலோசும் அதிக சூட்டில் உடையும். சாப்பிட்டால் பிரச்சினை இல்லாத ஒன்றைச் சூடாக்கி நெஞ்சுக்குள் இழுத்தாலும் பிரச்சினை இல்லை என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது.

இங்கே ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தேன் கரைத்தோ, கேக்குக்குப் போடும் எசென்ஸ் சேர்த்தோ, தேங்காய் எண்ணெயில் வாசனை ஏற்றியோ திரவம் செய்ய வேண்டாம். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதால் அதுவும் எண்ணெய்தான் என்று நினைக்கிறார்கள். இல்லை, கிளிசரின் தண்ணீரில் கரையும், எண்ணெய் கரையாது. கரையாத எண்ணெய்த் துளிகள் காற்றறைகளில் தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும். 2019 இல் அமெரிக்காவில் வேப் பாவித்தவர்களிடையே பரவலான நுரையீரல் பாதிப்பு ஒன்று வந்தது. 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாகினர், இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்றுக்கும் அதற்கும் வலுவான தொடர்பு இருந்தது. மாத்திரையாக விழுங்கவும் தோலில் பூசவும் பாவிக்கிற பொருள் அது.

உண்மையில் எடையை ஆட்டுவது நிக்கோட்டின்

கலோரியே இல்லாத இந்தப் பொருள் ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எரிக்கிறார் என்ற இரண்டையும் மாற்றுகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்ற இடத்தில் “போதும்” என்று சொல்லும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. நிக்கோட்டின் அவற்றைத் தூண்டுகிறது, பசி மங்குகிறது. அதேநேரம் அட்ரினலின் சுரப்பைக் கூட்டுகிறது: இதயம் வேகமாக அடிக்கும், கல்லீரல் சேமித்த குளுக்கோசை வெளியே விடும், ஓய்வில் இருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிக்கும். 1986 இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், 24 மணித்தியாலத்தில் 24 சிகரெட் பிடித்தவர்களின் சக்திச் செலவு ஏறக்குறைய 10 வீதம் கூடியது. அது சிகரெட் கணக்கு. வேப் இழுப்பவருக்குக் கிடைக்கும் நிக்கோட்டின் அளவுக்கு ஏற்ப விளைவு கூடிக் குறையும். ஆனாலும் திரவத்தின் 10 கலோரியும் இந்த விளைவும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல.

அப்ப மெலியிறதுக்கு நல்லதுதானே என்று யாராவது கேட்டால், இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். காரணங்கள் தெளிவானவை.

நிக்கோட்டின் இரத்தத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அடக்கி வைத்த பசி திரும்பி வரும். காலைச் சாப்பாடு இல்லாமல், பன்னிரண்டு மணிக்கு இரண்டு ரோல்ஸோடு சமாளித்து, இடையிடையே வேப் இழுத்தே நாளை ஓட்டுகிற ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தையில் கொத்துக் கடையில் உட்கார்ந்தால், பகலில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு தட்டில் திரும்பி வந்துவிடும். பகலில் தவறியது பருப்பு, மீன், முட்டை, கீரை. இரவில் வந்தது ரொட்டியும் எண்ணெயும். தராசில் எண் குறைந்தாலும் அதில் ஒரு பங்கு தசை. புகைப்பவர்களில் மொத்த எடை குறைவாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு கூடுதலாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த விடயம். இன்சுலின் வேலை செய்வதையும் நிக்கோட்டின் மந்தமாக்குகிறது. நீரிழிவு இவ்வளவு பரவிய நம் சமூகத்தில், மெலிவதற்கென்று நிக்கோட்டினுக்கு அடிமையாவது மிக மோசமான பண்டமாற்று. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதை எவரும் எடை குறைக்கும் வழியாகச் சொல்லக்கூடாது.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள்

2 மில்லிலீட்டர் திரவத்தில் உள்ள கிளிசரின் இரத்தச் சீனியைக் குறிப்பிடத்தக்க அளவு ஏற்றாது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, நிக்கோட்டின் பசியை மழுங்கடிப்பதால் சாப்பாடு தவறுவது. இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவற்றை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சீனி விழும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பசி இருக்கிறதோ இல்லையோ, மருந்து எடுத்தால் மணிக்குச் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, இரண்டு நிலைகளும் பார்க்க ஒரே மாதிரி இருப்பது. நிக்கோட்டின் கூடினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். சீனி விழுந்தாலும் வியர்க்கும், நடுங்கும், படபடக்கும். “வேப் கொஞ்சம் கூடிட்டுது” என்று நினைத்துப் பேசாமல் படுத்துவிடுவதுதான் இங்கே நடக்கிற மிகப் பெரிய பிழை. குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70 mg/dL இற்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்; ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஒரு சாப்பாடு. கருவி கையில் இல்லாவிட்டால் சீனி விழுந்ததாகவே எடுத்து நடந்துகொள்ளுங்கள், 15 கிராம் சீனி வீணாகப் போனாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆள் மயங்கி விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்சைக் கூப்பிடுங்கள்.

வாய் வறட்சியும் சோடாப் போத்தலும்

பி.ஜி.யும் கிளிசரினும் ஈரத்தை உறிஞ்சும் பொருட்கள். வாயும் தொண்டையும் காய்ந்துவிடும். கொழும்புச் சூட்டில், பெட்டாவில் அலைந்துவிட்டு வருகிறவர் அந்த வறட்சிக்கு எதைக் குடிக்கிறார் என்பதுதான் கலோரிக் கணக்கு. 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. 11 கிராம் என்றே வைத்தாலும் 400 மில்லிலீட்டர் போத்தலில் 44 கிராம் சீனி, 176 கலோரி. வேப் திரவம் 35 மில்லிலீட்டர் தீர்த்தால்தான் அந்த எண்ணைப் பிடிக்கலாம். தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். குரும்பை நல்லதுதான், அதிலும் சீனி கொஞ்சம் இருக்கிறது, தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுக்கக் குடிக்கிற பானம் அல்ல.

வெறும் வயிற்றில்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை, வேப்பும் இல்லை. திரவத்தின் கலோரிக்காக அல்ல. அட்ரினலினைக் கூட்டிச் சீனியையும் கொழுப்பமிலங்களையும் நிக்கோட்டின் ஏற்றிவிடும் என்பதற்காக. இழுத்துவிட்டுப் போயிருந்தால் இரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

16 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கும் டயட்டில் உள்ளவர்கள் வேப்பால் “விரதம் முறியுமா” என்று கேட்பதுண்டு. இரண்டு கிராம் கிளிசரின் அந்த டயட்டைக் கெடுக்காது. ஆனால் நிக்கோட்டின் துணையில்லாமல் அந்த 16 மணித்தியாலத்தைத் தாண்ட முடியவில்லை என்றால், அந்த முறை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், 12 ஆக்குங்கள்.

ரமழான் நோன்பும் கந்தசஷ்டி விரதமும் கலோரியை வைத்து முடிவு செய்கிற காரியங்கள் அல்ல. அதை மௌலவியிடமோ ஐயரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். உடம்புப் பக்கத்தில் சொல்லக்கூடியது ஒன்று: நாள் முழுக்கத் தண்ணீரும் நிக்கோட்டினும் இல்லாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் கஞ்சிக்கு முன் வேப்பை எடுத்தால் தலை சுற்றும், வயிற்றைப் பிரட்டும். அத்தனை மணித்தியாலம் இல்லாமல் இருக்க முடிந்தவருக்கு, முழுதாக விடுவதற்கு அந்த மாதத்தை விட நல்ல தருணம் கிடைப்பது அரிது.

விட்டால் பெருத்துவிடுவேனா?

பலர் விடாமல் இருப்பதற்கு உண்மைக் காரணம் இந்தப் பயம். சிகரெட்டை விட்டவர்களில் முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது, அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில். சராசரி என்பதால் சிலருக்கு ஏறவே ஏறாது, சிலருக்கு அதைவிடக் கூடும். வேப்பிலும் அதே நிக்கோட்டின்தான் என்பதால், அதிகமாக இழுத்தவர் அதே திசையில் ஒரு மாற்றத்தை எதிர்பார்த்து ஆயத்தமாவது நல்லது. திரவத்தின் கலோரி நின்றுபோவது இதில் தெரியக்கூட வராது.

முதல் மூன்று மாதமும் நாளுக்கு 150 முதல் 200 கலோரியைச் சாப்பாட்டிலும் நடையிலுமாகக் குறைத்தால் ஏற்றத்தின் பெரும்பங்கைத் தடுக்கலாம். தேத்தண்ணீரில் கோப்பைக்கு ஒரு கரண்டி சீனி குறைத்து, நாலு கோப்பையில் 80. மரீன் டிரைவ் ஓரமாக அரை மணித்தியாலம் விறுவிறு என்று நடந்தால் 70 கிலோ உள்ளவருக்கு 100 இற்கு மேல். இரண்டும் சேர்ந்தால் கணக்குச் சரி. வாய்க்கு வேலை கேட்கும் நேரத்துக்கு வெள்ளரிக்காய், கொய்யா, கறுவாப்பட்டைத் துண்டு. காலைச் சாப்பாட்டில் ஒரு முட்டையோ கடலையோ இருந்தால் பதினொரு மணிப் பசி அவ்வளவு கடுமையாக வராது. கடும் டயட்டை அதே கிழமையில் தொடங்க வேண்டாம். பசியும் நிக்கோட்டின் ஏக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் முதலில் உடைவது விட்ட பழக்கம்தான்.

நிக்கோட்டின் சூயிங்கம் கிடைத்தால் வைத்தியர் அல்லது மருந்தாளரிடம் கேட்டுப் பாவிக்கலாம். அது எடை ஏறுவதைத் தள்ளிப்போடும். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிவும்தான் வரும். உறைப்பு வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். உறைப்பு அடங்கியதும் திரும்ப இரண்டு மூன்று மெல்லல், திரும்ப ஒதுக்கல். ஒன்று அரை மணித்தியாலம் வரும். பிளேன்டீயோ சோடாவோ குடித்துக் கால் மணித்தியாலம் கழியும்வரை வாயில் போடாதீர்கள், அவற்றின் புளிப்பில் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது.

இன்சுலின் போடுகிறவர் வேப்பை விட்டதும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். நிக்கோட்டின் இல்லாதபோது இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கலாம், அதேநேரம் சாப்பாடும் கூடலாம். அளவு எந்தப் பக்கம் மாற வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. இரண்டு கிழமைக்குக் காலை வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்த எண்களை எழுதி, விட்ட திகதியையும் மேலே குறித்து, கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் கொடுங்கள்.